மகனுக்கு என்று சொல்லி வாங்கிய கார்ட்

1

எங்கள் பக்கத்து ஆண்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்கிறேன், யாரும் கோபிக்கக் கூடாது. ஆசைப்பட்ட எதையும் நாங்கள் எங்களுக்கென்று கேட்டு வாங்கமாட்டோம். புத்தளம் கடைத்தெருவில் ஒருவர் சட்டை வாங்கப் போனால், "மகனுக்கு ஒரு சட்டை பாக்கணும்" என்பார். அளவு என்ன என்று கடைக்காரர் கேட்டால், "கிட்டத்தட்ட என்ட அளவுதான்" என்பார். மகனுக்கு ஆறு வயதிருக்கும். கடைக்காரரும் சிரிக்காமல் எடுத்துக் காட்டுவார். ஏனென்றால் முந்தின நாள் அவரும் இன்னொரு கடையில் இதையே சொல்லியிருப்பார். மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி மஸ்கட் இனிப்பு வாங்கும்போது நானும் "பிள்ளைகளுக்கு" என்றுதான் கேட்பேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

பாரிசுக்கு வெளியே உள்ள இந்தப் புறநகருக்கு நான் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. வரும்போது கொண்டுவந்த மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்தார்கள். இந்தப் பழக்கத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால் இந்த வருடம் என் வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதப் போகிறேன். தொடக்கத்தில் சிரிக்கலாம்.

நான் ஓர் உணவகத்தின் பின்கட்டில் வேலை செய்கிறேன். மரக்கறி நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் அதையும் பார்ப்பது. என்னோடு கஜன் என்று ஓர் இளைஞன் வேலை செய்கிறான், முன்னேஸ்வரம் பக்கத்துப் பிள்ளை. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் போனை என் முன்னால் நீட்டினான்.

"நானா, இந்த ரோட்டத் தெரியுதா?"

திரையில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. தெதுறு ஓயாப் பாலம் கடந்தது. பத்துலு ஓயா வந்தது, முந்தல் வந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோட்டம், கம்பி வேலி, வெயில். அது உண்மையான வீடியோ அல்ல, விளையாட்டாம். ஊரில் சில பொடியன்கள் சேர்ந்து கொழும்பு–புத்தளம் வீதியை அப்படியே கணினிக்குள் செய்து வைத்திருக்கிறார்கள். யாரும் ஏறி ஓட்டலாம்.

மதுரங்குளியை நெருங்கும்போது ஒரு முச்சக்கரவண்டி குறுக்கே வந்தது. மேசைக்கடியில் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடிற்று. கஜன் அதைக் கண்டுவிட்டான். எனக்கு முகம் சுட்டது. "பொடியன்மாருக்கு வேற வேலையில்ல" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்கப் போனேன். அன்று நறுக்கிய வெங்காயம் ஒன்றுகூட ஒரே அளவில் இல்லை.

2

நான் பஸ் சாரதி. இங்கே அதை "சாரதியாக இருந்தேன்" என்று சொல்லவேண்டும்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, பஸ்ஸில் கிளீனராகத் தொற்றி, கொண்டக்டராகி, கடைசியில் கல்பிட்டி–கொழும்பு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். தலவில தேவாலயத் திருவிழாக் காலத்தில் பைலா பாடிக்கொண்டு கதவில் தொங்கும் யாத்திரிகர்களை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். இதை மட்டும் வெட்கமில்லாமல் சொல்வேன்.

மனைவி ரிஸானா மதுரங்குளிக்காரி. தகப்பன் இல்லாத அந்த வீட்டில் அவளுடைய நானாதான், மூத்த அண்ணன்தான், எல்லாம். ஹமீத் மச்சான், கணித ஆசிரியர். முகாமில் வளர்ந்த பஸ்காரனுக்குத் தங்கையைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. ரிஸானா பிடிவாதமாக நின்றதால் கொடுத்தார். கல்யாணச் சாப்பாட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து என்னோடு கை வைத்துச் சாப்பிட்டபோதுகூட, விடை பிழைத்த கொப்பியைத் திருத்துகிறவரின் முகத்தோடுதான் இருந்தார். அவர் என்னை ஒருநாளும் அவமரியாதையாகப் பேசியதில்லை. மெச்சியதும் இல்லை. அந்த வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வராதா என்று நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பதை ரிஸானாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

போர் முடிந்து இரண்டு மூன்று வருடத்தில் நான் இங்கே வந்தேன். பிறகு ரிஸானாவும் மகன் அக்ரமும் வந்தார்கள். இலங்கை லைசன்ஸை இந்த நாட்டு லைசன்ஸாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஒரு கால எல்லை உண்டாம். எனக்கு அது தெரியவந்தபோது எல்லை கடந்துவிட்டது. கவுண்டரில் இருந்த அம்மா அன்பாகத்தான் சொன்னார், முதலிலிருந்து பரீட்சை எழுதுங்கள் என்று. எழுதினேன். பிரெஞ்சுக் கேள்வியை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் திரையில் அடுத்த கேள்வி வந்து நிற்கும். இரண்டு தரம் தோற்றேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். மூன்றாம் தரம் போகவில்லை.

தோற்றதை ஊருக்குச் சொல்லவில்லை. மச்சான் கேட்டபோது, "இங்க டிரைவிங் வேலையில வருமானம் காணாது மச்சான்" என்றேன். இப்போது வேலைக்குப் போகும் பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கையில்தான் இருப்பேன். அவர் கியர் மாற்றத் தேவையில்லாத பஸ் அது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

3

கஜன் காட்டிய வீதி மனதை விட்டுப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து, பாத்திரத்தைத் துடைத்தபடி, "அந்தச் சாமான் வீட்டுக் கொம்பியூட்டர்ல ஓடுமா? மகன் கேக்குறான்" என்றேன். மகன் கேட்கவேயில்லை.

"வீட்டு லெப்டொப்ல ஓடாது நானா. தனியா ஒண்டு கட்டணும். நல்ல கிராபிக்ஸ் கார்ட் போடணும்."

"கார்ட் எண்டா?"

கஜன் யோசித்தான். "பஸ்ஸுக்கு எஞ்சின் வேற, முன்கண்ணாடி வேற இல்லையா? கார்ட் எண்டது முன்கண்ணாடி. ரோட்டை ஒங்களுக்குக் காட்டுறது அதுதான். அது மோசமெண்டா எஞ்சின் எவ்வளவு ஓடியும் புண்ணியமில்ல."

அன்றிலிருந்து நான் மாணவனானேன். லைசன்ஸ் பரீட்சைக்கு இந்த அளவு படித்திருந்தால் இன்று இந்த ஊரில் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பேன். வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் போனில் வீடியோ பார்த்தேன். கார்ட் செய்கிறவர்களில் சிவப்புப் பெட்டிக்காரர் இருக்கிறார்கள், பச்சைப் பெட்டிக்காரர் இருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் ஆதரவாளர்கள் உண்டு. அவர்கள் போடும் சண்டை நம்மூர்த் தேர்தலுக்குக் குறைந்ததில்லை. கார்டின் நினைவகம் எட்டு ஜி.பி.யா பன்னிரண்டா என்று ஒரு பிரச்சினை. எட்டு என்றால் வேகமாக ஓடும்போது தூரத்துத் தென்னைமரங்கள் திடீர் திடீரென்று முளைக்குமாம். எனக்கு அது ஒத்துவராது. முந்தலில் தென்னை எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும், அது அங்கே நிற்கவேண்டும். மூன்று காற்றாடி உள்ளதை வாங்கினால் மின்சாரப் பெட்டியையும் பெரிதாகப் போடவேண்டும். பழையது வாங்கலாம், ஆனால் அதை எவன் எப்படி ஓட்டினான் என்று தெரியாது. மீற்றரைத் திருப்பி விற்ற வாகனங்களை நான் நிறையக் கண்டவன். புதிதுதான் என்று முடிவெடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை அக்ரமைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவனுக்குப் பதினேழு வயது. உயர்தரப் பரீட்சை எழுதும் வருடம். கணினி விளையாட்டில் அவனுக்கு ஆர்வம் கிடையாது. புத்தகமும் ஓட்டமுமாக இருப்பவன். வீட்டில் எங்களோடு தமிழில் தொடங்கி பிரெஞ்சில் முடிப்பான். கொஞ்ச வருடமாகத் தொடங்குவதும் குறைந்துவிட்டது. கடிதம், காரியாலயம், டொக்டர் எல்லாவற்றுக்கும் அவன்தான் எனக்கு வாய். என் வயிற்றுவலியைக்கூட டொக்டரிடம் அவன்தான் சொல்லியிருக்கிறான்.

கடையில் ஓர் இளம்பெண் உதவிக்கு வந்தாள். யார் பாவிக்கப்போவது என்று கேட்டாள். அந்த அளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். அக்ரம் என்னைக் காட்டப் போனான்.

"உனக்கெண்டு சொல்லு" என்றேன்.

"என்ன வாப்பா?"

"உனக்கெண்டு சொல்லு மகன். இந்த வயசில எனக்கெண்டா அவ என்ன நினைப்பா?"

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு அவளிடம், எனக்குத்தான் என்றான். என்ன விளையாட்டு என்று கேட்டாள். அவன் மெதுவாக, பஸ் ஓட்டுவது என்றான். அவள் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு அல்ல. ஆனாலும் ஓர் இளம்பெண் முன்னால் பதினேழு வயதுப் பிள்ளையின் காது எப்படிச் சிவக்குமோ அப்படிச் சிவந்தது. பிறகு எந்தத் திரை, என்ன மின்சாரப் பெட்டி என்று அவள் கேட்கக் கேட்க, நான் பின்னால் நின்று தமிழில் விடை சொல்ல, தெரியாத பாடத்துக்குப் பார்த்து எழுதுகிறவனைப் போல அவன் ஒப்பித்தான். கடைசியில் இரண்டு காற்றாடியும் பன்னிரண்டு நினைவகமும் உள்ளதை எடுத்தோம். விலையை இங்கே எழுதமாட்டேன். ரிஸானாவின் சொந்தக்காரர்களும் இதை வாசிப்பார்கள்.

திரும்பி வரும் ரயிலில் பெட்டி என் மடியில் இருந்தது. அக்ரம் கேட்டான், "வாப்பா, நீங்க ஏன் வெக்கப்படுற?"

"ஊர்ல அப்படித்தான் மகன்."

"இது ஊர் இல்லயே."

நான் பெட்டியில் எழுதியிருந்ததை வாசிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

4

கேசிங்கை, அதாவது கணினியின் வெளிப்பெட்டியை, கஜன் மூலம் பழையதாக எடுத்து வீட்டில் வைத்திருந்தேன். கடைக்குப் போகுமுன் அதன் உள்நீளத்தைச் சாண் போட்டு அளந்தேன். பஸ்ஸில் சீட் துணி, பட்டி, கூரை ரெக்சின் எல்லாம் நாங்கள் இப்படித்தான் அளப்போம். ஒருநாளும் பிழைத்ததில்லை. கார்டை உள்ளே வைத்துப் பார்த்தபோது ஒரு விரல்கடை கூடவாக இருந்தது.

"வாப்பா, நீங்க கையால அளந்தீங்களா?" அக்ரம் நம்பவேயில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினான். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரிஸானா குசினியிலிருந்து வந்து பார்த்து, என்னவென்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

உள்ளே இருந்த தட்டு ஒன்றைக் கழற்றினால் இடம் வரும் என்று அவன் கண்டுபிடித்தான். நான் திருகாணியைக் கழற்ற, அவன் பிடித்துக்கொண்டான். பிறகு அவன் வாசிக்க, நான் பூட்டினேன். கார்ட் தன் இடத்தில் கிளிக்கென்று இறங்கியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். இப்படித் தோளோடு தோள் உரச நாங்கள் இருந்து எவ்வளவோ காலம். அன்று அவன் தமிழில் தொடங்கித் தமிழிலேயே முடித்த வசனங்களை நான் மனதுக்குள் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

முதல் ஓட்டம் சிலாபத்திலிருந்து. அக்ரம் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தான். நான் ஓட்டுவதைப் பார்த்த நினைவே அவனுக்கில்லை, ஊரில் அவன் சிறுபிள்ளை. அவனைப் பொறுத்தவரை நான் பாத்திரம் கழுவுகிறவன், கவுண்டரில் மகனின் முகத்தைப் பார்க்கிறவன். பத்துலு ஓயா தாண்டி ஒரு லொறியை முந்தியபோது, "வாப்பா, நீங்க நல்லா ஓட்டுற" என்றான். நான் ஹோர்ன் அடித்தேன். சந்தோசத்தை வேறு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

5

அக்ரமுக்கு ஊரில் ஒட்டுதல் உள்ள ஒரே ஆள் ஹமீத் மாமாதான். மற்றவர்கள் பேசும்போது ஸலாம் சொல்லிவிட்டு போனை உம்மாவிடம் கொடுத்துவிடுவான். மாமாவுக்கு மட்டும் அப்படியில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவரே அவனுக்குக் கோல் எடுப்பார். துடுப்பைக் கையால் தொட்டிராத இந்தப் பிள்ளைக்கு அவர் தொலைபேசியிலேயே கிரிக்கெட் படிப்பித்தார். எல்.பி.டபிள்யூ. விதியை விளக்க மாத்திரம் இரண்டு ஞாயிறு போயிற்று. ஒன்றும் விளங்காவிட்டாலும் அக்ரம் கேட்டுக்கொண்டிருப்பான். அவரிடம் பேசும் அரை மணித்தியாலம்தான் அவன் வாயில் தமிழ் நிற்கும் நேரம். "என்ட மருமகன் இன்ஜினியர்" என்று அவரும் மதுரங்குளியில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தார். பிள்ளையை ஊரோடு கட்டிவைத்திருந்த ஒரே நூல் அது.

கார்ட் பூட்டியதற்கு அடுத்த ஞாயிறு, வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது மச்சான் திடீரென்று கேட்டார். "அது என்ன பொறத்தால பெருநாள் பந்தல் மாதிரி லைட்டு எரியுது?"

கேசிங்குக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டோம்.

ரிஸானா என்னைப் பார்த்தாள். அக்ரமும் என்னைப் பார்த்தான். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மச்சான் சிரித்திருப்பார், கூட இருந்தவர்கள் ஒரு மாதம் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். என் வாய் பழகிய சொல்லைச் சொன்னது. "மகனுக்கு மச்சான்."

அவருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர், "அது கேம் அடிக்கிற மெசினாச்சே" என்றார். மச்சானின் முகம் மாறியது.

"பரீட்சை எப்ப அக்ரம்?"

அவன் சொன்னான்.

"போன தவணை கணிதத்துக்கு என்ன புள்ளி?"

அதையும் சொன்னான். அது கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அவனுக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்குப் போகாத தவணை அது. அவன் அதைச் சொல்லவில்லை.

பிறகு மச்சான் பேசினார். சத்தம் போடவில்லை. வகுப்பில் பேசுவதுபோல் பேசினார். "ஒங்கட வாப்பா ஓலைக் கொட்டில்ல இருந்து வந்தவரு. இந்த வயசிலயும் மத்தவன்ட எச்சிக் கோப்பையக் கழுவி ஒங்களப் படிப்பிக்கிறாரு. அந்த உழைப்ப வாங்கி நீங்க லைட்டுப் போட்டு விளையாடுறீங்க. வெக்கமா இல்லையா மகன்?"

அந்தப் பக்கம் ஒரு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அக்ரம் ஒரே ஒரு தரம் என் பக்கம் திரும்பினான். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தேத்தண்ணி முடிந்து வெகுநேரம்.

"ஓம் மாமா" என்றான். "என்ட பிழைதான். இனி விளையாட மாட்டன்."

ஒரு பிழையும் இல்லாத தமிழில் சொன்னான்.

"பரீட்சை முடியுறவரைக்கும் நான் எடுக்கமாட்டன். படிங்க" என்று சொல்லி மச்சான் வைத்துவிட்டார்.

அக்ரம் பாயை எடுத்துத் தொழுதான், பிறகு படிக்கப் போனான். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வாப்பாவின் வயிற்றுவலியை டொக்டரிடம் சொன்ன பிள்ளை, வாப்பாவின் வெட்கத்தையும் தன்னுடையதாகச் சொல்லிவிட்டான். அவனுக்கு அது வழக்கமான வேலைபோலும். வழக்கமாக்கியவன் நான்.

6

அடுத்த ஞாயிறு சாப்பிட்ட பின் அக்ரம் போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் புத்தகத்தோடு இருந்தான். எடுக்கமாட்டேன் என்று மாமா சொன்னது அவனுக்குத் தெரியும். இருந்தும் இருந்தான். அதற்கு அடுத்த ஞாயிறு போனை அறைக்குள்ளேயே விட்டுவிட்டான். ரிஸானா ஏதோ கேட்டதற்குப் பிரெஞ்சில் விடை சொன்னான்.

நான் கணினியைத் துணியால் மூடி வைத்திருந்தேன். ரிஸானா அந்தத் துணியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "மையித்தை வெள்ளத் துணியால போத்தி வெச்ச மாதிரி இருக்கு. அத மூடி என்ன செய்ய? சொன்னா நானா ஒங்களப் பாத்துச் சிரிப்பாரு. சொல்லாட்டி புள்ள குற்றவாளி. எது பெரிசு?"

"நான் சொல்றன்" என்றேன்.

சொல்லத் துணிந்து மச்சானுக்குக் கோல் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு. வீட்டின் நடைவழியில் நின்று பேசினேன். அக்ரமின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், ஒரே மூச்சில் சொன்னேன்.

"மச்சான், அந்த கொம்பியூட்டர் அக்ரமுக்கில்ல. எனக்கு. விளையாடினதும் நான்தான். அதில பஸ் ஓட்டுற விளையாட்டு ஒண்டு இருக்கு, எங்கட ரோடு. மகன் தொட்டதே இல்ல. நான்தான் அவன்ட பேர்ல வாங்கினன்."

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ரிஸானா சொன்னாளா இப்படிச் சொல்லச் சொல்லி?"

"இல்ல மச்சான். உண்மை."

"எனக்கு வெளங்குது" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "புள்ளட மானம் போகக்கூடாதெண்டு ஒங்கட மானத்தை வெச்சி மறைக்கிறீங்க. நரைச்ச தலையோட ஒரு மனிசன் தன்னையே விளையாட்டுக்காரன் எண்டு சொல்லுறதெண்டா லேசில்ல. நான் முப்பது வருசம் பள்ளியில எத்தனை தகப்பன்மாரக் கண்டிருக்கன். ஒங்களைப் போல ஒருத்தரக் காணல்ல."

"மச்சான், அப்படியில்ல..."

"கேளுங்க. ரிஸானாவ ஒங்களுக்குக் குடுக்கக்குள்ள எனக்கு மனசில்ல. ஒங்களுக்கும் அது தெரியும். அது என்ட பிழை. என்ட தங்கச்சி என்னைவிடக் கெட்டிக்காரி, நல்ல மனிசனத்தான் எடுத்திருக்கிறா. அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஹயாத்தைத் தரட்டும்."

இத்தனை வருடம் நான் காத்திருந்த சொல் வந்தது. இன்னொரு தரம் "இல்லை" என்று சொல்ல இடம் இருந்தது. நேரமும் இருந்தது. அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தார். விளையாட்டின் பெயரைச் சொல்லியிருக்கலாம், வேண்டுமானால் வீடியோ கோலில் ஓட்டியே காட்டியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் என் காதில் அவ்வளவு இனிப்பாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க என் கை வரவில்லை.

"ஆமீன் மச்சான்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்ரம் அறை வாசலில் நின்றான். நான் சொன்னது கேட்டிருக்கும். அவர் சொன்னது கேட்டிருக்காது. அவன் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது.

"மாமா என்ன சொன்னாரு வாப்பா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த முகம் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"உன்ன மன்னிச்சிட்டாராம்" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். விளங்காதவனைப் போலத் தலையைச் சாய்த்தான். பிறகு விளங்கிவிட்டது, குற்றம் இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது என்று. வெளிச்சம் போன இடத்தில் ஒரு மரியாதையான புன்னகை வந்தது, இந்த நாட்டுக் கவுண்டர்களில் காணும் புன்னகை. "அவர் நல்லவர்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். மெதுவாகத்தான் சாத்தினான்.

மச்சான், இந்த இதழ் உங்கள் ஊர் வாசிகசாலைக்கு வருவதும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்கள் வாசிப்பதும் எனக்குத் தெரியும். வாயால் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. நம்பாமல் விட்டதற்கு நானும் துணைபோனேன். இப்போது எழுத்தில் இருக்கிறது, உங்களைச் சுற்றி உள்ளவர்களும் வாசிப்பார்கள், சிரிக்கட்டும். பஸ்ஸை ஓட்டியவன் நான். அக்ரம் பக்கத்தில் இருந்து, வாப்பா, நீங்க நல்லா ஓட்டுற என்று சொன்னான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இதை வாசித்த பிறகு எனக்கு எடுக்காதீர்கள். அவனுக்கு எடுங்கள்.